மருத்துவச்சி ஸிபில்

எங்கள் செங்கோட்டையில் வீரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது வாஞ்சிநாதனிடம் வந்துதான் நிற்கும். 1911-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட அந்த இளைஞருக்கு இங்கே சிலை இருக்கிறது. துப்பாக்கியைத் தொடாமல் ஒருவர் வீரராக முடியுமா என்று யாரேனும் கேட்டால், கடல் கடந்து மலாய் நாட்டில் வாழ்ந்த ஒரு நர்ஸின் கதையைத்தான் நான் சொல்வேன்.

அவர் பெயர் ஸிபில் கார்த்திகேசு. 1899-ல் சுமத்ராவில் மேடான் நகரில், ஐரோப்பிய ஆசியக் கலப்புக் குடும்பமொன்றில் பிறந்தவர். பக்தியுள்ள கத்தோலிக்கர். நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். இலங்கைத் தமிழ் வம்சத்தவரான டாக்டர் கார்த்திகேசுவை 1919-ல் கோலாலம்பூர் தேவாலயத்தில் மணந்தார். தலைப்பிள்ளை ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. பின்பு ஒரு வளர்ப்பு மகனும் இரண்டு பெண்களுமாகக் குடும்பம் தழைத்தது. 1926 முதல் ஈப்போவில் கணவரும் மனைவியும் கிளினிக் நடத்தினார்கள். ஸிபில் கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். அதனால் சீனத் தாய்மார்கள் அவரை நம்பி வந்தார்கள்.

ஜப்பானியர் படையெடுத்து வந்ததும் குடும்பம் பக்கத்திலிருந்த பப்பான் என்ற சிற்றூருக்குப் போயிற்று. அங்கேயும் வைத்தியம் நடந்தது. இரவு நேரங்களில் காட்டிலிருந்து கெரில்லாக்கள் காயங்களோடு வந்தார்கள். அவர்களுக்கும் வைத்தியம் நடந்தது. வீட்டுக்குள் ஒரு ரேடியோவை ஒளித்துவைத்து, லண்டன் செய்திகளைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னார் ஸிபில். அந்த ரேடியோவுக்கு 'ஜோஸபைன்' என்று செல்லப் பெயர் வேறு! பிடிபட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

1943-ல் பிடிபட்டார். கணவரும் வளர்ப்பு மகனும் சிறைப்பட்டார்கள். ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைச் சித்திரவதை செய்தது. கெரில்லாக்களின் பெயர்களைச் சொல்லவைப்பதற்காக, ஏறக்குறைய ஏழு வயதான கடைசி மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். ஸிபில் சொல்லவில்லை. குழந்தை எப்படியோ உயிர் தப்பியது.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் திகைத்து நிற்கிறேன். இப்படியொரு கட்டத்தைக் கற்பனையாக எழுதினால், "தாய் இப்படியும் இருப்பாளா?" என்று வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் பெயரைச் சொல்லியிருந்தால் எத்தனை தாய்மார்களின் பிள்ளைகள் செத்திருப்பார்கள்! தன்னிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதும் மருத்துவச்சியின் தொழில் தர்மம்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதே 1943-ல், அதே மலாய் நாட்டிலிருந்துதான் தமிழ்ப் பெண்கள் நேதாஜியின் ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்தார்கள். டாக்டர் லக்ஷ்மி அதற்குத் தலைமை தாங்கினார். 97 வயது வரை வாழ்ந்து 2012-ல் காலமானார். அவர்களுக்கு ஜப்பானியர் துணைவர்கள். ஸிபிலுக்கு அவர்களே எமன்கள். ஒரே யுத்தத்தில் இரண்டு பக்கங்களிலும் தைரியசாலிகள் இருந்தார்கள். ஒரு பக்கத்து வீரத்தைப் போற்றுவதற்காக மறு பக்கத்துக் காயத்தை மறைக்க வேண்டியதில்லை.

1945-ல் விடுதலை வந்தபோது ஸிபிலின் முதுகெலும்பு சிதைந்திருந்தது. சிகிச்சைக்காக அவரை விமானத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. ஆனால் சிறையில் தாடையில் விழுந்த பூட்ஸ் உதையின் புண் ஆறவில்லை. 1948 ஜூனில், 48 வயதில் இறந்தார். முதலில் ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட உடலை, மறு வருஷம் ஈப்போவுக்குக் கொண்டுவந்து கத்தோலிக்கக் கல்லறையில் புதைத்தார்கள். அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1954-ல் 'நோ டிராம் ஆஃப் மெர்ஸி' என்ற புத்தகமாக வெளிவந்தன. கணவர் 1972 வரை வாழ்ந்தார்.

நாற்பத்தெட்டு வயது ஒன்றும் நீண்ட ஆயுள் அல்ல. ஆனால் அவர் கையில் பிறந்த குழந்தைகளும், அவர் பெயர் சொல்லாததால் பிழைத்தவர்களும் அதற்குப் பிறகு வாழ்ந்த வருஷங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் ஸிபிலைவிட அதிக காலம் வாழ்ந்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள்.