ஒற்றி, ஈடு, கூட்டுடைமை: திருகோணமலையில் வீட்டுக்கடன்

வீடு கட்ட விழைவோன் பிறர் பொருளை நாடுங்கால் இரு வினாக்கள் எழுகின்றன: காணியின் உரிமை எவர்பாலது? அதன் பயன் எவரைச் சாரும்? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் திருகோணமலைத் துறைமுக மாவட்டத்தில் இவை பொருளியல் வினாக்கள் மட்டுமல்ல, அறவியல் வினாக்களுமாம்.

ஈழத்துத் தமிழரிடை நிலவிய தொன்மையான முறை ஒற்றி. 1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் தொகுப்பித்த தேசவழமை இதனை எடுத்துரைக்கின்றது. கடன் கொடுத்தோன் நிலத்தைத் தன்வசம் வைத்து விளைவை நுகர்வான். அதுவே வட்டிக்குப் பதிலாகும். உரிமை கடன் பெற்றோனிடமே நிற்க, பயன் மட்டும் கைமாறும். வட்டி என்னும் சொல் இங்கு இல்லையெனினும், அடகுப் பொருளின் பயனைக் கடன் கொடுத்தோன் நுகர்வதை இஸ்லாமியச் சட்ட அறிஞருட் பெரும்பாலோர் வட்டியாகவே கொள்வர் என்பது நோக்கற்பாலது.

பிரித்தானியர் ஆட்சியில், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி ஈட்டினை நொத்தாரிசு முன்னிலையில் எழுதவேண்டிய ஆவணமாக்கிற்று. 1931இல் அரச ஈட்டு வங்கி தோன்றிற்று. அது 1979இல் அரச ஈட்டு முதலீட்டு வங்கியாயிற்று. வங்கி ஈட்டில், கடன் பெற்றோன் தன் வீட்டில் வாழ்ந்தவாறே தவணை செலுத்துவான். பயன் அவனிடமே தங்கிற்று. ஆயின் வட்டி வெளிப்பட நின்றது. கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களில் வட்டியை விலக்கி வாழ்வோர்க்கு இவ்வாயில் உவப்பானதன்று.

2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு இடமளித்தது. 2011இல் அமானா வங்கி செயற்படத் தொடங்கிற்று. இம்முறைகளுட் சிறந்த ஒன்று குறைந்து செல்லும் கூட்டுடைமை. வீட்டைப் பத்துப் பங்காகக் கொண்டால், இரு பங்கு வாங்குவோனுடையது. எட்டுப் பங்கு வங்கியுடையது. வங்கியின் பங்கிற்கு அவன் வாடகை செலுத்துவான். ஆண்டுக்கொரு பங்காக வாங்கிவர வாடகையும் குறைந்து செல்லும். உடைமையாளன் என்றவகையில் இழப்பிலும் வங்கிக்குப் பங்குண்டு. அது பெயரளவில் நிற்குமாயின், இம்முறைக்கும் வட்டிக்கும் வேறுபாடில்லை.

எனினும், எவ்வாயிலுக்கும் திறவுகோல் காணி உறுதியே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற அரச காணியை விரும்பியவாறு ஈடு வைத்தலாகாது. போரிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் ஆவணம் இழந்தோர் நிலையும் அத்தகையதே. உரிமையை நிறுவ இயலாதோனுக்கு வட்டியுள்ள கடனும் இல்லை. வட்டியற்ற கடனும் இல்லை. ஆதலின் இம்மாவட்டத்தில் வீட்டுக்கடன் சீர்திருத்தம் வங்கியில் அன்று, காணிக் கச்சேரியிலேயே தொடங்கற்பாலது.