தாம்பரத்துக் கல்லூரியும் தமிழ்ப் பாடமும்

கிழக்குத் தாம்பரத்தில் மரங்கள் அடர்ந்து விளங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தைத் தென்சென்னைப் புறநகரில் வாழும் நம்மவர் யாவரும் அறிவர். ஆயினும், பல்கலைக்கழகத்தில் தமிழ் ஒரு பாடமாக நிலைத்திருப்பதற்கு அக்கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் எத்துணை பாடுபட்டார் என்பதை அறிந்தோர் சிலரே.

1837-இல் ஸ்காட்லாந்துச் சமயத் தொண்டர் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே இக்கல்லூரியின் வித்து. வில்லியம் மில்லர் அதனைக் கல்லூரியாக வளர்த்தார். நெடுங்காலம் உயர்நீதிமன்றத்திற்கு எதிரே இயங்கிய கல்லூரி, இடநெருக்கடியால் 1937-இல் சேலையூர்க் காட்டுப் பகுதிக்குப் பெயர்ந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் 1931-இலேயே ஓடத் தொடங்கியிருந்தமை இப்பெயர்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று.

நாம் கூறவந்த ஆசிரியர் அதற்கு முன்பே, நகரத்துக் கட்டடத்தில் பணியாற்றியவர். மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-இல் பிறந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், பின்னாளில் பரிதிமாற்கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர். கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1892-இல் தமிழிலும் தத்துவத்திலும் சிறந்து இளங்கலைப் பட்டம் பெற்றார். மில்லர் தத்துவத் துறையில் இடந்தர முன்வந்தும், சாஸ்திரியார் தமிழாசிரியப் பணியையே கேட்டுப் பெற்றார் என்பர். அந்நாளில் தமிழாசிரியருக்கு மதிப்பும் குறைவு, ஊதியமும் குறைவு. இன்று மகன் வணிகவியலை விடுத்துத் தமிழ் படிப்பேன் என்றால் வீட்டில் என்ன நிகழுமோ, அன்றும் அதுவே நிகழ்ந்திருக்கும்.

1902-இல் சோதனை வந்தது. தமிழ் வட்டார மொழியே, அதற்குப் பல்கலைக்கழகப் படிப்பில் இடம் வேண்டுவதில்லை என்னும் கருத்து அதிகார நிலையில் வலுப்பெற்றது. சாஸ்திரியாரும் அவர்தம் நண்பர் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் இதனை எதிர்த்து எழுதியும் பேசியும் அறிஞர் ஆதரவைத் திரட்டினர். தமிழ் தொன்மையும் தனித்தன்மையும் உடைய உயர்தனிச் செம்மொழி என்பது சாஸ்திரியார் வாதம். அம்முயற்சி கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே, தமது 33-ஆம் வயதில், அவர் மறைந்தார். நடுவண் அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது 2004-இல். இடையே ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

இந்நிகழ்ச்சியில் சமணர்க்கு என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1880-இல் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையரிடம், அவ்வூர் முனிசீப் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தாதிகளிலும் பிள்ளைத்தமிழ்களிலும் தோய்ந்திருந்த ஐயர் அந்நூலைக் கண்டதே இல்லை. படிக்கத் தொடங்கிய பின்னரோ, அதன் சமயக் கருத்துகள் விளங்கவில்லை. ஆகவே அவ்வூர்ச் சமணர் இல்லங்களை நாடினார். அங்கே சிந்தாமணியை முறையாக வாசித்து நிறைவு செய்து, பூசையும் நடத்திக்கொண்டிருந்தனர். கல்லூரி அறியாதிருந்த காப்பியம் இல்லறத்தார் வீட்டில் உயிரோடு இருந்தது! சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயங்களை அகற்ற, 1887-இல் ஐயரின் பதிப்பு வெளிவந்தது.

சாத்திரதானம் என நாம் போற்றும் அறம், ஏடெழுதிக் கொடுப்பதோடு முடிவதில்லை; கேட்டவர்க்குப் பொருள் சொல்வதும் அதில் அடங்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எமக்குத் தெரியவில்லை. ஆனால் வீடுகள் காத்ததை உலகறியச் செய்தது கல்லூரித் தமிழாசிரியர் ஒருவரே என்பதையும் மறத்தல் ஆகாது. கல்லூரியில் தமிழுக்கு நாற்காலி இல்லையெனின், ஐயர் கும்பகோணத்திற்கே வந்திரார்.

இவ்விரு நிலைகளும் ஒருவரிடமே கூடியமைக்குப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் எடுத்துக்காட்டு. தமிழ்ச் சமணராய்ப் பிறந்து, மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த அவர், வாமன முனிவர் உரையோடு நீலகேசியை 1936-இல் பதிப்பித்தார். தமிழில் சமண இலக்கியம் பற்றிய அவரது ஆங்கில நூல் 1941-இல் வெளிவந்தது. நீலகேசி தருக்க நூல். பிற சமயத்தார் கொள்கைகளை எடுத்துரைத்து வாதிடுவது. அதைப் பதிப்பிக்கத் தமிழ்ப் புலமை மட்டும் போதாது. பௌத்தமும் சாங்கியமும் வேதவாதமும் அறிந்திருத்தல் வேண்டும். தத்துவத் துறை அளித்த பயிற்சி அங்கே பயன்பட்டது.

தாம்பரத்திற்கு வடக்கே மீனம்பாக்கத்தில் 1952-இல் சமணப் பெருமக்கள் கல்லூரி கண்டனர். பொருள் ஈட்டியவர் கல்விக்கு ஈந்த அச்செயலைப் போற்றுகிறோம். ஆயினும் ஒன்று உரைக்க விரும்புகிறோம். நம் அறக்கட்டளைகள் பலவற்றின் உதவித்தொகை விண்ணப்பங்களில் பொறியியலும் மருத்துவமும் கணக்காய்வும் முன்னிற்கின்றன. தமிழ், வரலாறு, தத்துவம், பிராகிருதம் படிக்க விழைவோர்க்குரிய வரி ஒன்றை அவற்றில் காண்பது அரிது. வந்தவாசி, திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்து இப்புறநகரில் வாழும் குடும்பங்கள் சிலவற்றில் பாட்டனார் ஏட்டுச்சுவடிகள் இன்றும் பட்டுத்துணியில் சுற்றி வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படித்துப் பொருள் கூறவல்ல இளைஞர் எத்தனை பேர்? அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்குமாறு அறங்காவலர்களை வேண்டுகிறோம்.