குருந்தம்: ஒரு கீறலின் வரலாறு

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே போகிறவர்கள், ஒன்றியப் பகுதி முடிந்து தமிழ்நாடு தொடங்கியதை உணர்வதற்குள் கோட்டக்குப்பம் வந்துவிடும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரவில் வாசலில் நிறுத்திய காரைக் காலையில் தொட்டால் விரலில் உப்பும் நுண்மணலும் ஒட்டும். அங்கே வசிக்கும் நண்பர் ஒருவர் தம் கறுப்பு நிறக் காரை நாள்தோறும் உலர்ந்த துணியால் அக்கறையோடு துடைத்து வந்தார். ஓராண்டு கழிந்ததும் வெயில் விழும் இடமெல்லாம் சிலந்தி வலை பின்னியதைப்போல நுண்கீறல்கள் தெரிந்தன. துணி கீறவில்லை, துணிக்கு அடியில் அகப்பட்ட மணல் கீறியது. அக்கறையே கீறிவிட்டது என்றும் சொல்லலாம்.

அந்த வலையை நீக்கப் பட்டறைக்குப் போனபோது நானும் உடன் சென்றேன். ஊழியர் ஒரு குப்பியிலிருந்து வெண்ணிறக் குழம்பைத் தொட்டுச் சுழலும் பஞ்சு வட்டால் தேய்த்தார். குப்பியின் மேல் பொடியெழுத்தில் அலுமினியம் ஆக்சைடு என்றிருந்தது. "இது நம்ம ஊர்ச் சரக்கு, தெரியுமா?" என்று நண்பரிடம் கேட்டேன். அவர் குப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜெர்மனி என்றல்லவா போட்டிருக்கிறது?" என்றார். அவருக்கு அன்று நின்றவாக்கில் சொல்ல முடியாமற்போன பதிலே இக்கட்டுரை.

கனிம வடிவில் அலுமினியம் ஆக்சைடுக்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். ஆங்கில அகராதிகள் அச்சொல்லுக்கு மூலமாகக் காட்டுவது தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லை. வடமொழியில் அது குருவிந்தம். இலக்கிய வாசகர்களுக்குக் குருந்தம் என்றதும் கண்ணன் சாய்த்த குருந்த மரமும், திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் குருவைக் கண்ட மரநிழலும் நினைவுக்கு வரும். நாம் பேசுவது அம்மரத்தை அன்று, கல்லை. ஆனால் கல்லும் இலக்கியத்துக்கு அயலன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக் கடைகளை வருணிக்கையில் மாணிக்கத்தின் நான்கு சாதிகளை எண்ணுகிறது. அவற்றுள் ஒன்றான விந்தம் குருவிந்தமே. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் நிறம் பெற்ற உறவினர்கள். நிறமும் தெளிவும் வாய்த்தது அரசனின் முடிக்குப் போயிற்று. வாய்க்காதது கொல்லனின் பட்டறைக்குப் போயிற்று.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1980களின் நடுப்பகுதி முதல் நடந்த அகழாய்வுகளில் நீலக்கல், பச்சைக்கல், சூதுபவளம் முதலியவற்றால் செய்த மணிகளும், முற்றுப்பெறாத மணிகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று போற்றும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. சூதுபவளத்தைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோசு அளவையில் மணலின் குவார்ட்சு ஏழு, குருந்தம் ஒன்பது, வைரம் பத்து. எண்ணிட்ட அளவை 1812-இல்தான் வந்தது. எது எதைத் தேய்க்கும் என்ற அறிவு மணி செய்தவர்களின் விரல்களில் அதற்கு வெகுமுன்பே இருந்தது.

அந்த அறிவின் எளிய கருவி சாணை. குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கோடு கலந்து சக்கரமாக வார்த்து உலர்த்துவார்கள். கத்தியைத் தீட்டவும், மணிக்குப் பட்டை தீட்டவும் அதுவே உதவியது. தேயத் தேய அரக்கு விலகும். புதிய குருந்தத் துகள் கூர்முகம் காட்டும். பட்டறைக் குழம்பின் தத்துவமும் இதுதான். அரக்கின் இடத்தில் எண்ணெயும் நீரும் கலந்த பசை, கற்சக்கரத்தின் இடத்தில் பஞ்சு வட்டு. மற்றபடி அது ஒரு மெல்லிய சாணை.

இக்கல் மேலை அறிவுலகின் கண்ணில் பட்டது 18-ஆம் நூற்றாண்டில். இலண்டனில் ஜான் உட்வர்டு தொகுத்த கனிமப் பட்டியலில், சென்னைப் பகுதியிலிருந்து சென்ற 'கொரிவிண்டம்' இரண்டு வகையாக, கறுப்பென்றும் வெள்ளையென்றும் பொருள்படும் தெலுங்கு அடைமொழிகளோடு இடம்பெற்றது. நெல் வயல்களில் எலிகள் வளை தோண்டும்போது அக்கல்லை வெளியே தள்ளும் என்றும், இரும்பை மெருகிட அது பயன்படும் என்றும் அங்கே குறிப்பிருக்கிறது. பின்னர் சார்லசு கிரெவில் இன்றைய நாமக்கல் மாவட்டத்துப் பரமத்திப் பகுதிக் குருந்தம் பற்றிய செய்திகளைத் திரட்டி, 1798-இல் இராயல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார். 1802-இல் பூர்னோன் பிரபு, குருந்தமும் மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம் என்பதைப் படிக அமைப்பைக் கொண்டு விளக்கினார். அரசனின் முடியில் இருந்ததும் கொல்லனின் சாணையில் இருந்ததும் ஒன்றே என்று அறிவியல் ஒப்புக்கொண்ட தருணம் அது. பரமத்திக்கு அருகிலுள்ள சித்தம்பூண்டியின் குருந்தம் பொதிந்த பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துத்தான் நம் விண்வெளி ஆய்வாளர்கள் சந்திரயான் சோதனைகளுக்குச் செயற்கை நிலவு மண் செய்தார்கள்.

அடுத்த நூற்றாண்டில் கல் பின்தங்கிச் சொல் முன்னே ஓடிற்று. அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் 1890களின் தொடக்கத்தில் மின்னுலையில் கரியையும் களிமண்ணையும் சுட்டு, குருந்தத்தினும் கடினமான சிலிக்கன் கார்பைடைப் பெற்றார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று முதலில் எண்ணியதால் அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். எண்ணம் பிழை, பெயர் நிலைத்தது. சில ஆண்டுகளில் பாக்சைட்டை உருக்கிச் செயற்கைக் குருந்தமும் செய்தார்கள். வயலில் பொறுக்கிய கல்லுக்கு இருந்த சந்தை சுருங்கியது. 1954-இல் முருகப்பா குழுமமும் ஓர் அமெரிக்க நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும் கைகோத்துக் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னைத் திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. பரமத்தி வயலிலிருந்து கப்பலேறிய சொல், இப்படி ஆங்கில உடையில் ஊர் திரும்பியது. வாயிற்பலகையில் அதைப் படித்தவர்களுள் எத்தனை பேர் அடையாளம் கண்டார்களோ!

இனி, தேய்க்கப்படும் பொருளுக்கு வருவோம். தொடக்ககாலக் கார்களுக்குக் குதிரை வண்டியின் வார்னிசையே பூசினார்கள். பல பூச்சுகள் பூசி, ஒவ்வொன்றையும் உலர்த்தித் தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. 1923-24-இல் டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ என்னும் நைட்ரோசெல்லுலோசு அரக்குப்பூச்சு வந்து, அவ்வேலையை மிகக் குறைந்த நேரத்தில் முடித்தது. நம் பட்டறைகளில் இன்றும் 'டூகோ பெயிண்ட்' என்ற சொல் வழங்குகிறது. அந்தப் பூச்சு மென்மையானது; விரைவில் மங்கும், எளிதில் மெருகேறும். மெருகிடும் துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொள்ளும்.

1980களில் பரவிய முறை வேறு. அடியில் நிறப்பூச்சு, மேலே நிறமற்ற கண்ணாடிப் பூச்சு. இப்போது துணியில் நிறம் ஒட்டுவதில்லை. ஏனெனில் நாம் தேய்ப்பது நிறத்தையன்று, அதன் மேலுள்ள காப்பை. அக்காப்பையும் கடினமாக்கிக்கொண்டே போனார்கள். 2003-இன் இறுதியில் மெர்சிடிசு-பென்சு பீங்கானின் நுண்துகள் கலந்த பூச்சைக் கொண்டுவந்தது. கடினப் பூச்சில் கீறல் எளிதில் விழாது. விழுந்தால் எளிதில் போகாது. மென்மையான மெழுகுக் குழம்புகள் அதன்மேல் பளபளப்பை மட்டும் தடவிவிட்டு நகரும்; முதல் மழையில் கீறல் மீண்டும் தெரியும். அங்கேதான் குருந்தத்தின் துணை வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீறலை நீக்குவது என்று உண்மையில் ஒன்றில்லை. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தைக் குருந்தம் நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தாழ்த்துகிறது. அப்போதும் கீறல்கள் இல்லாமற்போவதில்லை. கண்ணுக்கு எட்டாத அளவு நுண்ணிய கீறல்களாக மாறுகின்றன. மெருகு என்று நாம் வியப்பது அதைத்தான். கண்ணாடிப் பூச்சின் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான், தலைமுடியைவிடச் சன்னம். ஒவ்வொரு மெருகுக்கும் அதிலிருந்து ஓரிரு மைக்ரான் செலவாகிறது. திருப்பிச் செலுத்த வழியில்லாத முதல் அது. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அப்பூச்சே. அளவுக்கு மேல் தேய்த்தால் நம் ஊர் வெயிலில் அது வெளுத்து உரியத் தொடங்கும்.

நண்பரின் காரில் அதுவும் நேர்ந்தது. கதவின் மடிப்பு விளிம்பில் வட்டைச் சற்று அழுத்தி நிறுத்திவிட்டார்கள். விளிம்பில் பூச்சு எப்போதும் மெல்லியது. ஒரு விரற்கடை நீளத்துக்குக் கண்ணாடிப் பூச்சு போய், நிறம் வெறுமையாய் நின்றது. இனி அவ்விடத்தைத் தேய்த்துச் சீராக்க முடியாது. புதிதாகப் பூசத்தான் வேண்டும்.

ஆகவே அனுபவசாலிகள் சொல்லும் முறை சாணைக்காரரின் பழைய விவேகமே. முதலில் நிறைய நீர் விட்டு மணலைக் கழுவுங்கள். நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் கீறல் ஆழமானது, மெருகுக்கு அடங்காது, விட்டுவிடுங்கள். தட்டாவிட்டால், ஒரு சாண் இடத்தில் மட்டும் மிக மென்மையான குழம்பைக் கொண்டு தொடங்குங்கள். போதாவிட்டால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லுங்கள். விளிம்புகளில் வட்டை நிறுத்தாதீர்கள். கண்ணுக்குப் போதும் என்றவுடன் கையை எடுத்துவிடுங்கள்.

நண்பர் இப்போது உலர்ந்த துணியைத் தொடுவதில்லை. காலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவிவிட்ட பிறகே துடைக்கிறார். குப்பியை மட்டும் எறியாமல் அலமாரியில் வைத்திருக்கிறார். அதன்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, பேனாவால் 'குருந்தம்' என்று எழுதியிருக்கிறார்.