வினிகரும் கைப்பேசியும்: கருப்பைவாயைப் பார்த்த கண்களின் கதை

கைப்பேசியால் கருப்பைவாயைப் படம்பிடித்து, அப்படத்தில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தென்படுகிறதா என்று செயற்கை நுண்ணறிவின் துணையால் சில நொடிகளில் சொல்லிவிடும் செயலிகளைப் பற்றிச் சில ஆண்டுகளாகவே செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. ஏழைப் பெண்களுக்கு மலிவான மருத்துவம் என்ற வாக்குறுதியோடுதான் அச்செய்திகள் தொடங்குகின்றன. அந்த வாக்குறுதி பொய் என்று நிறுவுவது நம் நோக்கமன்று. ஆனால் அதற்கு முன்கதை உண்டு. அக்கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நிகழ்ந்தது. அதை அறிந்த பிறகு இச்செய்திகளைப் படித்தால் நாம் கேட்கும் கேள்விகள் வேறாகும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் மெல்ல வளர்வது. முதல் மாற்றம் தோன்றியதிலிருந்து புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. இடையில் யாரேனும் பார்த்துவிட்டால் சிறு சிகிச்சையோடு தீர்ந்துவிடும். ஆகவே இந்நோயின் வரலாறு என்பது யார் பார்த்தார்கள், எதைக்கொண்டு பார்த்தார்கள், யாரைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதன் வரலாறே.

ஜெர்மனியில் ஹான்ஸ் ஹின்சல்மன் 1925இல் கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியை அமைத்தார். அசிட்டிக் அமிலத்தைத் தடவினால் மாறுபட்ட திசு வெண்மையாகத் தெரியும் என்பதும் அவர் வழியாக வந்த அறிவுதான். வினிகரில் இருப்பதும் அதே அமிலம். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. இக்கருவியைக் கொண்டு அவ்ஷ்விட்ஸ் முகாமின் பத்தாம் கட்டடத்தில் சிறைப்பட்ட பெண்கள்மீது ஆய்வுகள் நடத்தப்பட்டன. பெண்ணைக் காக்கப் பிறந்த கருவி அவளது இசைவின்றி அவள்மீது திருப்பப்பட்டது. இசைவு என்ற சொல் இக்கதையில் மீண்டும் வரும்.

நியூயார்க்கில் குடியேறிய கிரேக்கரான ஜார்ஜ் பாப்பனிகொலாவ் வேறு வழி கண்டார். உதிரும் உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் முறை. அவர் மனைவி ஆந்த்ரோமாக்கி ஆண்டுக்கணக்கில் தன் உடலிலிருந்தே மாதிரிகள் கொடுத்தார். கணவர் பெயரின் முதற்பாதி 'பாப்' சோதனையாக உலகெங்கும் வழங்குகிறது. மனைவியின் பெயரை எத்தனை பேர் அறிவர்? 1928இல் அவர் இதை முதலில் சொன்னபோது பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. ஹெர்பர்ட் டிரவுட்டுடன் சேர்ந்து 1940களில் எழுதியபிறகே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. இச்சோதனை முறையாக நடந்த நாடுகளில் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்நோய்ச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

எல்லாத் தகடுகளையும் மனிதக் கண்ணே பார்த்தாக வேண்டும் என்பதுதான் சிக்கல். அதனால் இயந்திரக் கண்ணின் ஆசையும் உடனே பிறந்துவிட்டது. 1950களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட சைட்டோஅனலைசர், உயிரணுவையும் தூசுதும்பையும் பிரித்தறிய மாட்டாமல் கைவிடப்பட்டது. 1995இல் பாப்நெட் என்னும் கருவிக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. அதில் இருந்தது இன்று நாம் பேசும் நரம்பியல் வலைப்பின்னலின் மூதாதைதான். ஒவ்வொரு தகட்டிலிருந்தும் ஐயத்துக்குரிய 128 படங்களைத் தேர்ந்து அது மனிதர்முன் வைத்தது. அதைச் செய்த நிறுவனம் 1999இல் திவாலாயிற்று. எனவே செயற்கை நுண்ணறிவு இத்துறைக்கு இப்போதுதான் வருகிறது என்பது பிழை. ஒரு முறை வந்து போயிருக்கிறது.

பாப் சோதனை இந்தியக் கிராமத்துக்கு ஒத்துவரவில்லை. தகட்டை எடுக்க ஒருவர், படிக்கத் தேர்ந்த ஒருவர், நகரத்தில் ஓர் ஆய்வகம், முடிவு வரச் சில வாரங்கள், அதன்பின் அந்தப் பெண் மறுபடி வரவேண்டும். கூலியை விட்டு, பேருந்து பிடித்து, வீட்டில் விடைசொல்லி ஒருமுறை வருவதே பெரும்பாடு. வலியில்லை, நோயின் அடையாளம் ஒன்றுமில்லை; இரண்டாம் முறை எதற்காக வருவாள்?

இங்குதான் ஹின்சல்மனின் அமிலம் திரும்பி வருகிறது, விலையுயர்ந்த உருப்பெருக்கி இல்லாமல். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல விளக்கொளியில் வெறுங்கண்ணால் பார்ப்பது. வெண்திட்டு தெரிந்தால் அன்றே, அங்கேயே, உறையவைத்து அழிக்கும் குளிர்ச்சிகிச்சை. பார்ப்பவர் பயிற்சி பெற்ற செவிலியர். பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த ரெங்கசாமி சங்கரநாராயணனும் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை மருத்துவமனையினரும் 2000ஆம் ஆண்டு இதைத் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கினர். 114 தொகுதிகளில் பாதிக்குச் சோதனை, பாதிக்கு வழக்கமான நிலை. சோதனைப் பிரிவில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது: ஒரே ஒரு முறை பார்த்ததில் நோய் 25 விழுக்காடும் சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. அதே ஆண்டு தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இம்முறையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் விரித்தது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் நேர்மையாகாது. மராட்டியத்து உஸ்மானாபாத்தில், இன்றைய தாராசிவில், நடந்த மற்றோர் ஆய்வில் இதே வினிகர் குறிப்பிடத்தக்க பலனைக் காட்டவில்லை. அங்கே சாவைப் பாதியாகக் குறைத்தது எச்பிவி கிருமிக்கான சோதனை. அதன் விலையோ அன்று எட்டாக் கனி. ஒரு செவிலியரின் கண்ணும் இன்னொருவரின் கண்ணும் ஒன்றல்ல. அழற்சியும் வெண்மையாகத் தெரியும். இது ஒன்று. மற்றது இன்னும் கடுமையானது. திண்டுக்கல், உஸ்மானாபாத், மும்பை ஆகிய மூன்று ஆய்வுகளிலும் சோதனை பெறாத பிரிவுகளில் 254 பெண்கள் இந்நோயால் இறந்தனர். பயனுள்ள சோதனை இருப்பது தெரிந்தும் ஒரு பிரிவை வெறுமனே கவனித்தது எவ்வாறு தகும் என்று எரிக் சுபா என்ற அமெரிக்க மருத்துவர் முறையிட்டார். அப்பெண்களின் இசைவு எதையறிந்து பெறப்பட்டது என்றும் வினவினார். அவ்வூர்களில் வழக்கமான நிலை சோதனையின்மைதானே என்பது ஆய்வாளர் தரப்பின் விடை. விடை உண்மைதான். அது போதுமானதென்று நமக்குத் தோன்றவில்லை.

கைப்பேசி இந்த இடத்தில் நுழைகிறது. கோஸ்டாரிக்காவின் குவானகாஸ்தே பகுதியில் 1990களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் எடுத்த படங்களைக் கொண்டு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்களும் பிறரும் கணினியைப் பழக்கினர். 2019இல் வெளியான அவ்வாய்வில் அது அதே படங்களைப் பார்த்த மருத்துவரையும், பாப் சோதனையையும் விஞ்சியது. உலகம் மகிழ்ந்தது. ஆனால் அப்படங்கள் ஒரு தனிவகைக் கருவியில் படச்சுருளில் எடுக்கப்பட்டவை. அக்கருவி இப்போது வழக்கில் இல்லை. கைப்பேசிப் படங்களில் ஒளியும் கோணமும் மாற, இயந்திரம் தடுமாறியது. ஒரே பெண்ணின் இரு படங்களுக்கு இரு தீர்ப்புகள் வந்தன. அதே ஆய்வாளர்களே குறையை வெளிப்படையாக எழுதி, முதலில் பெண்ணே எடுத்துத்தரும் மாதிரியில் எச்பிவி சோதனை, கிருமி இருப்போருக்கு மட்டும் படம் என்று முறையை மாற்றிப் பல நாடுகளில் ஆய்வு தொடங்கினர். விளம்பரங்களில் இப்பகுதி வருவதில்லை.

ஆக, கண்ணின் தடுமாற்றத்தை இயந்திரம் ஒருநாள் சீர்செய்யக்கூடும். நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் திண்டுக்கல் கணக்கை மறுபடி பாருங்கள். 49,311 பேரில் சோதனைக்கு வந்தவர் 31,343. ஏறத்தாழ பதினெட்டாயிரம் பேர் வரவேயில்லை. நோயின் முன்நிலை கண்டறியப்பட்ட 1,874 பேரிலும் சிகிச்சை பெற்றவர் 72 விழுக்காட்டினரே. எத்தனை கூர்மையான கண்ணும் எதிரே வராதவரைக் காண முடியாது.

வராதவரைப் பற்றிக் கவலைப்பட்ட இயந்திரம் ஒன்றும் உண்டு. மும்பையைச் சேர்ந்த ஆர்மான் தொண்டு நிறுவனம் கருவுற்ற பெண்களுக்கும் இளந்தாய்மாருக்கும் 'எம்மித்ரா' என்ற பெயரில் கைப்பேசிவழிக் குரற்செய்திகளை இலவசமாக அனுப்புகிறது. நாளடைவில் பலர் கேட்பதை நிறுத்திவிடுவர். கூகுள் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, யார் நிறுத்தப்போகிறார், யாரை நேரில் அழைத்துப் பேசினால் பயன் என்று கணிக்கும் முறையொன்றை அமைத்து 23,003 பெண்களிடம் சோதித்தனர். விலகல் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. படமில்லை, நோய் பற்றிய தீர்ப்புமில்லை. இயந்திரம் தருவது ஒரு பெயர்ப் பட்டியல். அழைத்துப் பேசுவது சுகாதாரப் பணியாளர். அவர்கள் எண்ணிக்கையில் சிலரே என்பதால், வாரத்துக்கு இத்தனை அழைப்புகள்தான் இயலும் என்ற வரம்பை வைத்தே அந்தப் பட்டியலும் தயாராகிறது.