தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் (இந்தியா)

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கவும் தொற்றுள்ளோருக்குச் சிகிச்சை அளிக்கவும் இந்திய அரசு நடத்தும் திட்டம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வே நாட்டில் இத்தொற்று இருப்பதை முதன்முதலில் வெளிப்படுத்தியது. நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன.

1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு (நாகோ) நிறுவப்பட்டு, முதற்கட்டத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு 1994இல் இத்திட்டத்தைச் செயல்படுத்தத் தனிச் சங்கம் அமைத்தது; பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக வழங்கப்படுகிறது. 2017 முதல், தொற்று உறுதியானதும் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படுகிறது. மருந்தைத் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை.

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனைக் கூடங்களுக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். அங்கே ஆலோசகர் முதலில் பேசி, ஒப்புதல் பெற்ற பின்னரே இரத்தம் எடுக்கப்படும். முடிவு இரகசியமாகக் காக்கப்படும். 1097 என்ற எண்ணில் இலவச ஆலோசனை பெறலாம்.

2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் (2017), வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. மருந்து உயிரைக் காக்கும்; மனிதரை ஒதுக்காத சமூகமே அம்மருந்தைத் தேடிவரும் துணிவைத் தரும்.