சங்கரன்கோவிலும் யாழ்ப்பாணமும்: ஒரே மழை, இரு நாடுகள்

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள சங்கரன்கோவிலுக்கு வெறும் காற்றுதான் வரும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொள்கிறது. இலங்கையில் மத்திய மலைநாடு செய்வதும் அதையே. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கு மழை எட்டாது. இரண்டு ஊர்களும் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை.

வற்றாத ஆறு இரண்டுக்கும் இல்லை. சங்கரன்கோவிலின் கரிசல் மண் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. அதனால் இங்கே குளம் வெட்டினார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மழையை உள்ளே இறக்கிவிடும். அதனால் அங்கே கிணறு. கிணற்றில் ஊறுவது உப்பு நீருக்கு மேல் தங்கிய மெல்லிய நன்னீர்ப் படலம். அளவு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் அதை நம்பித்தான். இங்கே பருத்தியும் மல்லிகையும் பிச்சியும். மழை பொய்த்த வருஷங்களில் விசைத்தறி சோறு போட்டது.

வாழ்க்கைத்தரத்துக்கு வருவோம். 2025 மனித மேம்பாட்டு அறிக்கையில் இலங்கைக்கு 89-ஆம் இடம், இந்தியாவுக்கு 130. ஆனால் சங்கரன்கோவிலை இந்தியச் சராசரியால் அளப்பது நியாயமில்லை. 2020-ல் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இலங்கையில் அதிலும் ஏறக்குறைய பாதி. கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி அங்கே 1945-லேயே பல்கலைக்கழகம் வரை திறந்தது. அதே வழியில் நம் பக்கம் பெரிய அடி, காமராஜர் 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு.

இலங்கையில் அந்த நன்மை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா? திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வம்சம் 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்தது. யாழ்ப்பாணம் 1983 முதல் 2009 வரை போரில் அழிந்தது. 2022-ல் கடன் கட்ட முடியாமல் இலங்கையே தடுமாறியபோது தமிழ்நாடு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது.

என் தீர்ப்பு இது: பிள்ளை பிறக்கவும் படிக்கவும் இலங்கையின் ஏற்பாடு இன்னும் ஒரு படி மேல், உழைத்துப் பிழைக்கத் தமிழ்நாடு மேல். தண்ணீரில் மட்டும் இருவரும் ஒரே ஆபத்தில் நிற்கிறோம். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு, ஐப்பசி மழைக்கு முன்னே உங்கள் ஊர்க் குளத்தின் வரத்துக்காலைத் தூர்வாரச் சொல்லிக் கேளுங்கள்.