திறன்செருகியின் வை-ஃபை இணைப்பு

திறன்செருகி என்பது சுவரிலுள்ள மின்செருகுவாய்க்கும் ஒரு மின்கருவிக்கும் இடையே பொருத்தப்பட்டு, அக்கருவிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கம்பியில்லா வலையமைப்பின் வழியாகச் செலுத்தவும் நிறுத்தவும் உதவும் சாதனம் ஆகும். கடைகளில் இது ஸ்மார்ட் பிளக் என்றே பரவலாக அறியப்படுகிறது. சிக்பீ, திரெட் முதலிய முறைகளில் இயங்குபவையும் உள்ளன எனினும், வீட்டு வை-ஃபை வலையமைப்பில் நேரடியாக இணையும் வகையே மிகுதியாகப் புழங்குகிறது. இவ்வகைச் செருகிகள் அடிக்கடி இணைப்பை இழப்பதற்கான காரணங்களையும் அவற்றை நிலைப்படுத்தும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமைப்பு

திறன்செருகியினுள் மின்சுற்றைத் திறந்து மூடும் ஒரு ரிலே, ஒரு வை-ஃபை சில்லு, அச்சில்லுக்குக் குறைந்த மின்னழுத்தம் வழங்கும் சிறு மின்வழங்கி ஆகியவை உள்ளன. 2014 இல் சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் வெளியிட்ட இஎஸ்பி8266 போன்ற மலிவான சில்லுகளே இச்சாதனங்களின் பரவலுக்கு வழிவகுத்தன. இந்தச் சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டுமே இயங்கும். அலைவாங்கி பெரும்பாலும் மின்சுற்றுப் பலகையிலேயே அமைந்த சிறிய செப்புத் தடமாக இருக்கும். ஆகவே, ஒரே இடத்தில் வைத்தாலும் திறன்பேசிக்கு நன்கு கிடைக்கும் சைகை திறன்செருகிக்கும் அவ்வாறே கிடைக்கும் என்று கொள்ள இயலாது.

இணைப்பின் மூன்று கண்ணிகள்

வெளியூரிலிருந்து இடப்படும் கட்டளை மூன்று கண்ணிகளைக் கடந்து செருகியை அடைகிறது.

1. செருகிக்கும், ரௌட்டர் எனப்படும் வீட்டுத் திசைவிக்கும் இடையேயான வானலை இணைப்பு
2. திசைவிக்கும் இணையத்துக்கும் இடையேயான இணைப்பு
3. இணையத்தின் வழியே தயாரிப்பாளரின் வழங்கியுடன் உள்ள இணைப்பு

இவற்றுள் எது அறுந்தாலும் செயலியில் பெரும்பாலும் 'இணைப்பில் இல்லை' என்ற ஒரே செய்திதான் தோன்றும். எனவே செருகியை அழித்து மீண்டும் பதிவதற்கு முன், அறுந்த கண்ணி எது என அறிதல் வேண்டும். திசைவியின் மேலாண்மைப் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் செருகி இல்லையெனில் பழுது முதற்கண்ணியில் உள்ளது. செருகி பட்டியலில் இருந்து, பிற சாதனங்களிலும் இணையம் கிடைக்கவில்லையெனில் அது இரண்டாம் கண்ணியைச் சார்ந்தது. இரண்டும் சரியாக இருப்பின் மூன்றாம் கண்ணியை ஐயுறலாம்.

வானலை இணைப்பு

சைகை வலிமை டெசிபெல் மில்லிவாட் அலகில் எதிர்ம எண்ணாகக் குறிக்கப்படுகிறது. இவ்வெண் 10 குறைந்தால் கிடைக்கும் திறன் பத்தில் ஒரு பங்காகும். ஏறத்தாழ -67 வரை இணைப்பு நிலையாக இருக்கும். -80 க்கும் கீழே சென்றால் அடிக்கடி அறுபடும். குளிர்பதனப் பெட்டி, இரும்பு அலமாரி போன்ற உலோகப் பரப்புகளின் பின்னால் செருகியைப் பொருத்துவது சைகையைப் பெரிதும் குறைக்கிறது. குறுகிய நீட்டிப்புக் கம்பி ஒன்றின் மூலம் அதனைச் சற்று வெளியே கொணர்வதே பல வேளைகளில் போதுமானது. நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குவதால், அது இயங்கும்போது மட்டும் இணைப்பு குலையக்கூடும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அடுத்தடுத்த தடங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் மட்டுமே அமைந்துள்ளன. ஒரு வலையமைப்புக்கோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. எனவே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய தடங்களே. இந்தியாவில் 13 தடங்கள் வரை பயன்படுத்தப்படுகின்றன. அமெரிக்காவில் பொதுவாக 11 தடங்களே பயன்பாட்டில் உள்ளன. அமெரிக்கச் சந்தைக்கென அமைக்கப்பட்ட செருகி, திசைவி தானாகவே 12 அல்லது 13 ஆம் தடத்துக்கு மாறும்போது வலையமைப்பைக் காண இயலாமல் போகலாம். தடத்தை மேற்கூறிய மூன்றில் ஒன்றாகவும் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆகவும் நிலைப்படுத்துவது இதைத் தவிர்க்கும்.

திசைவியின் அமைப்புகள்

2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகள் இரண்டும் ஒரே பெயரில் இயங்கும் வீடுகளில், முதற்பதிவின்போது சில செருகிகள் இணையத் தவறுகின்றன. அப்போது 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைத் தற்காலிகமாக நிறுத்தலாம், அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குத் தனிப்பெயர் இடலாம். 2018 இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையை மட்டும் ஏற்குமாறு திசைவி அமைக்கப்பட்டிருப்பின், பழைய செருகிகள் இணைய மாட்டா. டபிள்யூபிஏ2 முறையையும் உடன் ஏற்கும் கலப்பு நிலை இதற்குத் தீர்வாகும். பாதுகாப்பு முறையையே முற்றிலும் நீக்குவது தீர்வாகாது.

திசைவி ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் இணைய நெறிமுறை முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வழங்குகிறது. அம்முகவரியைச் செருகிக்கென நிலையாக ஒதுக்கி வைத்தால் முகவரி மோதல்கள் தவிர்க்கப்படும். வீட்டினுள்ளேயே நடைபெறும் கட்டுப்பாடும் தடையின்றி அமையும்.

மின்தடைக்குப் பின்

மின்சாரம் திரும்பியதும் செருகி சில நொடிகளில் விழித்துக்கொள்கிறது. திசைவிக்கோ ஓரிரு நிமிடங்கள் ஆகலாம். அதுவரை மீண்டும் மீண்டும் முயலாத செருகிகள், திசைவி ஆயத்தமான பின்னரும் தனித்தே நிற்கும். திசைவிக்கு மின்கல ஆதரவு அளிப்பது இச்சிக்கலைக் குறைக்கிறது. நேர அட்டவணை செருகியினுள்ளேயே சேமிக்கப்பட்டிருந்தாலும், கடிகாரத்துக்கெனத் தனி மின்கலம் இல்லாத செருகி சரியான நேரத்தை இணையத்திலிருந்தே பெறுகிறது. ஆகையால் மின்தடைக்குப் பின் இணையம் இல்லையெனில் அட்டவணை இயங்காமல் போகலாம்.

திசைவியையே அதனோடு இணைந்த திறன்செருகியில் பொருத்துவது பொதுவான தவறாகும். செயலியின் மூலம் அதனை நிறுத்திவிட்டால், மீண்டும் இயக்கும் கட்டளை சென்றடைய வழியிராது. ஒருவர் நேரில் சென்று செருகியின் பொத்தானை அழுத்த வேண்டும்.

வழங்கியைச் சார்ந்திருத்தல்

வீட்டிலுள்ள யாவும் சரியாக இருப்பினும் தயாரிப்பாளர் சேவையை நிறுத்தினால் செருகி பயனிழக்கலாம். பெஸ்ட் பை நிறுவனம் இன்சிக்னியா என்னும் பெயரில் விற்ற திறன்செருகிகளுக்கான சேவை 2019 நவம்பரில் முடிவுற்றது. வீமோ சாதனங்கள் பெரும்பாலானவற்றுக்கான வழங்கிச் சேவை 2026 சனவரி 31 அன்று நிறுத்தப்படும் என பெல்கின் நிறுவனம் 2025 இல் அறிவித்தது. வழங்கியின் துணையின்றி வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கட்டளைகளை ஏற்கும் செருகிகள் இத்தகைய இடரிலிருந்து பெரிதும் விடுபடுகின்றன. 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்னும் பொதுத் தரநிலை இவ்வகை உள்ளகக் கட்டுப்பாட்டை அடிப்படையாகக் கொண்டது.

பாதுகாப்பு

இணைப்பு எவ்வளவு செம்மைப்படுத்தப்பட்டாலும் அது ஒருபோதும் அறாது எனக் கொள்ளலாகாது. சூடேற்றி ஒன்றை இயக்கிய பின் இணைப்பு அறுந்தால், தொலைவிலிருந்து அதை நிறுத்த இயலாது. எனவே உயிர்காக்கும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிப்பின்றி இயங்கும் சூடேற்றிகளையும் திறன்செருகியில் பொருத்துதல் கூடாது. மின்சாரம் திரும்பும்போது செருகி இயங்குநிலைக்கு வரவேண்டுமா, நிறுத்தநிலையில் இருக்கவேண்டுமா என்பதை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். செருகியின் மின்னோட்ட வரம்பும் கருத்திற்கொள்ளத்தக்கது. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் செருகி தாங்குவது 1380 வாட் மட்டுமே. 2000 வாட் நீர்சூடேற்றிக்கு 16 ஆம்பியர் வகை தேவை.